பல்கலைக்கழகத்தில் எழுத்து வேலையும் எச்-1பி விசாவும்: என் அனுபவம்

இதழியல் படிப்பை அமெரிக்காவில் முடித்துவிட்டு ஓபிடி அனுமதியில் (படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர்கள் சில காலம் வேலை செய்வதற்கான அனுமதி) இருந்தேன். எழுத்து வேலை தர முன்வந்த நிறுவனங்கள்கூட எச்-1பி (வேலை தரும் நிறுவனம் மனு செய்து பெற்றுத்தரும் வேலை விசா) என்றதும் பின்வாங்கின. ஆண்டுக்கு 85,000 புதிய விசாக்கள் என்ற வரம்பு, அதற்கான குலுக்கல் இரண்டும் அவர்களைத் தயங்கவைத்தன.

அரசு, லாப நோக்கற்ற பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு கிடையாது. எனவே அவற்றின் பக்கம் திரும்பினேன். 'கன்டென்ட் ரைட்டர்' என்று தேடினால் அங்கே அதிகம் அகப்படாது. அதே வேலை 'கம்யூனிகேஷன்ஸ் ஸ்பெஷலிஸ்ட்', 'வெப் எடிட்டர்' போன்ற பெயர்களில் இருக்கிறது.

பெரிதும் கைகொடுத்தது அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடும் எல்சிஏ தரவுக் கோப்பு. எல்சிஏ என்பது எச்-1பி மனுவுக்கு முந்தைய படியாக, சம்பளம் முதலியவற்றைக் குறிப்பிட்டு வேலை தருபவர் அத்துறையிடம் தாக்கல் செய்யும் விண்ணப்பம். எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பதவிக்கு, என்ன சம்பளத்தில் விண்ணப்பித்தது என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இதைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆசிரியர், ஆய்வாளர் பதவிகளுக்கு மட்டும் விண்ணப்பித்திருந்த இடங்களை ஒதுக்கிவிட்டேன்.

'எந்தப் பட்டமும் போதும்' என்ற விளம்பரங்களையும் விட்டுவிட்டேன்; வேலைக்குக் குறிப்பிட்ட துறைப் பட்டம் தேவைப்பட்டால்தான் எச்-1பி மனு நிற்கும். இதழியல் பட்டம் கேட்ட ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மனிதவளத் துறையிடம், நேர்காணலுக்கு முன்பே விசா பற்றி எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். வேலை கிடைத்தது. மனுவையும் பல்கலைக்கழகமே தாக்கல் செய்தது.