பிளேஸ்மென்ட் ஆண்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை நோட்டு

பிரிட்டனில் நான்கு வருடப் பட்டப்படிப்பில் ஒரு வருடத்தை முழுக்க நிறுவனத்தில் வேலை பார்த்தே கழிக்கலாம். சாண்ட்விச் கோர்ஸ் என்பார்கள்; அந்த வேலை வருடம்தான் பிளேஸ்மென்ட் ஆண்டு. நிறுவனத்தின் செய்திகளை எழுதி வெளியிடும் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் பிரிவுக்குப் போகிறவர்கள் முதல் வாரமே ஒரு நோட்டு போடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் நாலு வரி போதும்: என்ன எழுதினேன், யார் திருத்தினார், எங்கே வெளியானது. என் முதல் பத்திரிகைச் செய்தியில் 'மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்' என்ற வரியை மேனேஜர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "செய்தி எங்கே?" என்று கேட்டார். அதெல்லாம்தான் குறிக்க வேண்டியவை. நான் வேலைக்குச் சேர்ந்து பத்தாம் மாதம்தான் நோட்டு ஆரம்பித்தேன். கடைசி நாள் லேப்டாப்பைக் கொடுத்ததும் மெயிலும் போச்சு. கல்லூரிக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தால் முதல் ஆறு மாதம் ஒன்றுமே நினைவில்லை. வெளியானவற்றின் இணைப்பை மட்டும் குறித்து வையுங்கள். வெளிவராத வரைவுகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், வம்பு.