மெழுகுவர்த்தி முழுதாக எரிய வேண்டுமா? முதல் முறை ஏற்றுவோருக்கு ஒரு செய்முறை

ஜாடியில் வரும் வாசனை மெழுகுவர்த்தி சில நாட்களிலேயே நடுவில் குழி விழுந்து, ஓரத்து மெழுகு அப்படியே சுவராக நின்றுவிடுகிறதா? மெழுகின் தரத்தைத் திட்டுவதற்கு முன், முதல் நாள் எவ்வளவு நேரம் எரியவிட்டீர்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

படி 1: திரியை வெட்டுங்கள்

ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரி சுமார் 6 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் போதும். உருகிய மெழுகு திரி வழியே மேலேறி ஆவியாகிறது. சுடராக எரிவது அந்த ஆவிதான். திரி நீண்டால் மெழுகு அளவுக்கு மீறி ஏறும். அத்தனையும் எரியக் காற்று போதாமல் மிச்சம் கரும்புகையாகக் கிளம்பி ஜாடியின் வாயில் படியும். 19ஆம் நூற்றாண்டில் பின்னல் திரி வரும்வரை, சுடர் எரியும்போதே கத்தரியும் கையுமாகப் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. பின்னல் திரி எரிய எரிய வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானாகக் கருகி உதிரும். அப்படியும் தடித்த ஜாடித் திரிகளின் நுனியில் காளான் குடைபோலக் கரி திரளத்தான் செய்கிறது. மெழுகு ஆறிய பிறகு நகவெட்டியால் அதை நறுக்கி எடுங்கள். துணுக்கு எதுவும் மெழுகில் விழக் கூடாது. அதுவே இன்னொரு திரியாகப் பற்றிக்கொள்ளும். ஒட்ட வெட்டிவிட்டாலும் சிக்கல்தான், சுடர் மெழுகில் மூழ்கி அணைந்துவிடும்.

படி 2: முதல் முறை அவசரப்படாதீர்கள்

மேல்மெழுகு ஓரம்வரை உருகிய பிறகே அணைக்க வேண்டும். 2.5 செ.மீ. விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு; 7.5 செ.மீ. ஜாடிக்கு மூன்று மணி நேரம். பாதியில் அணைத்தால், அடுத்த முறையும் உருகிய வட்டத்துக்குள்ளேயேதான் உருகும். சுடர் கீழே இறங்க இறங்க ஓரத்து மெழுகு தொடமுடியாத உயரத்துக்குப் போய்விடும். அரை மணி நேரம்தான் கையில் இருக்கிறதென்றால் பெரிய ஜாடியைத் தொடவே வேண்டாம். அதற்காக நாள் முழுக்க எரியவிடுவதும் தப்பு. ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

குழி ஏற்கெனவே விழுந்துவிட்டதா? அலுமினியத் தாளால் ஜாடியின் வாயைச் சுற்றி மூடி, நடுவில் மட்டும் நல்ல திறப்பு விடுங்கள். வெப்பம் உள்ளே தங்கி ஓரச்சுவர் உருகும். தாள் கடுமையாகச் சுடும். அணைத்து ஆறிய பிறகே கழற்றுங்கள்.

படி 3: இடம்

மின்விசிறிக் காற்றும் ஜன்னல் காற்றும் படாத இடம். சுடர் ஆடினால் ஒருபக்கமாக உருகும், புகையும் வரும். திரைச்சீலை, காகிதம் எல்லாம் 30 செ.மீ.க்கு அப்பால் இருக்கட்டும். அறையை விட்டுப் போனால் அணைத்துவிட்டுப் போங்கள்.

படி 4: ஊதாமல் அணைப்பது

ஊதினால் மெழுகு தெறிக்கும், புகை நாற்றமும் வரும். ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகில் அமுக்கி, உடனே நிமிர்த்திவிடுங்கள். திரியில் மெழுகு பூசிக்கொள்வதால் மறுமுறை சட்டென்று பற்றும். ஊதி அணைத்ததும் எழும் வெள்ளைப் புகை எரியாத மெழுகாவி. அதில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தாவித் திரியைப் பிடிக்கும். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது: நீர் கொதித்துச் சூடான மெழுகை வீசியடிக்கும், கண்ணாடியும் விரிசல் விடலாம்.

படி 5: எப்போது நிறுத்துவது?

அடியில் ஒரு செ.மீ. அளவு மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் எரித்தால் அடிக்கண்ணாடி அதிகமாகச் சூடேறி உடையலாம். ஜாடியை ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தால் மெழுகு சுருங்கி, பெரும்பாலும் கட்டியாகக் கழன்று வரும். அதைக் குப்பையில் போடுங்கள். உருக்கிக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும்.