மே மாதக் கொடைக்கானல்: வானிலைக்கு ஏற்ப நாளை வகுத்துக்கொள்ளும் முறை

அக்னி நட்சத்திரத்தில் மதுரை 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காயும்போது, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இரவில் 12, 13 வரை இறங்கும். இந்தக் குளிருக்கு அஞ்சிப் பெட்டி நிறையக் கம்பளி ஆடைகளை அடுக்கிக்கொண்டு வருபவர்கள் பலர். உண்மையில் பயணத்தைக் கெடுப்பது குளிரன்று, பிற்பகலில் வரும் கோடை மழையே. ஆகவே திட்டத்தை இடங்களை வைத்து வகுக்காமல், நேரத்தை வைத்து வகுக்க வேண்டும்.

வெயில் ஏற ஏறச் சமவெளியில் சூடாகும் காற்று, ஈரத்தைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து, முதலில் மூடுபனியாகவும் பின்னர் இடிமேகமாகவும் திரள்கிறது. இதனால், பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் இடங்களான தூண் பாறையையும் கோக்கர்ஸ் வாக்கையும் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. நண்பகலுக்குப் பிறகு தூண் பாறைக்குப் போனால், எதிரே நிற்கும் பாறை முழுவதுமாக மறைந்து, கம்பித் தடுப்பைப் பிடித்தபடி வெண்மையைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரலாம். சில நிமிடங்கள் காத்திருந்தால் பனி விலகுவதும் உண்டு. உடனே திரும்பிவிட வேண்டாம். முந்தைய மாலை நன்றாகப் பெய்திருந்தால் மறுநாள் விடியலில் தூசி அடங்கித் தொலைவு தெளிவாகத் தெரியும், அந்தக் காலையைத் தூங்கிக் கழிப்பது பெரிய இழப்பு.

1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் அமைத்த நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை ஓடுகிறது. நடையோ சைக்கிளோ, காலை உணவுக்கு முன்பே இதற்கு ஏற்ற நேரம். படகுச் சவாரியையும் முற்பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இடியோசை கேட்ட பிறகு நீரில் இருப்பது ஆபத்து, மரத்தடியில் ஒதுங்குவதும் அப்படியே. கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். ஏரியின் மிகைநீரே மலைச்சாலையோரம் வெள்ளி அருவியாக விழுகிறது என்பதால், நல்ல மழைக்குப் பின் அதைப் பார்ப்பது பொருத்தம். பிரையண்ட் பூங்கா ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. மலர்க்கண்காட்சி நடக்கும் நாட்களில் கூட்டத்தைப் பொறுத்தே அங்கு நேரம் அமையும்.

ஆடையில் ஒரு ஸ்வெட்டர் போதும். மாற்று உடையும் காலுறையும் கூடுதலாகத் தேவை, ஏனெனில் இந்த ஈரக்காற்றில் நனைந்த துணி எளிதில் உலராது. காற்று குளிர்ந்திருந்தாலும் உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமையாக இருப்பதால், தொப்பியை மறக்கக் கூடாது.

2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வாகனத்தில் வருபவர்கள் இணையத்தில் பெறும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. புறப்படும் முன் அதைப் பெற்றுவிடுங்கள். மலைச்சாலை மழையிலும் பனியிலும் வழுக்கும் என்பதால், மலையடிவாரப் பகுதி ஊரான வத்தலக்குண்டை அதிகாலையில் கடந்து, முற்பகலுக்குள் ஊர் சேரும்படி கிளம்புவதே சரியான கணக்கு. இறங்கும்போதும் இதே நேரத்தைப் பின்பற்றலாம்.