அசிஸ்டென்ட் சொல்கிறார் என்று ஆட்டத்தை மாற்றலாமா?

கால்பந்து அணியை நீங்களே நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில் அறுபதாவது நிமிடம். 1–0 என்று முன்னிலை. அசிஸ்டென்ட் மேனேஜர், "டேக்கிளில் இன்னும் இறங்கி ஆடச் சொல்லலாம்" என்கிறார். சரியென்று ஒரு க்ளிக். பத்து நிமிடத்தில், ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கியிருந்த டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் சிவப்பு அட்டையோடு வெளியே. நீலகிரியில், கூடலூரில் ஆடி மழைக்கும் குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி மழைக்கும் வீட்டுக்குள் முடங்கி இதை ஆடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. அசிஸ்டென்ட் குழி பறிக்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியுமோ, எந்த ஆட்டம் பிடிக்குமோ, அதிலிருந்துதான் பேசுகிறார். இது தெரிந்துவிட்டால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது பாதி தெளிந்துவிடும்.

முதலில் ஆளைப் பாருங்கள். ஸ்டாஃப் பட்டியலில் அவர் பெயரைத் திறந்தால் எல்லாத் திறனும் 1 முதல் 20 வரை எண்ணாக இருக்கும். அதில் தந்திர அறிவு, ஆட்டக்காரரின் இன்றைய திறமையை எடைபோடும் திறன், ஆட்களைக் கையாளும் திறன் ஆகிய மூன்றும் முக்கியம். தந்திர அறிவு 8 உள்ளவர் சொல்வதையும் 15 உள்ளவர் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பிறகு அவருக்குப் பிடித்த ஃபார்மேஷன், அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்தும் முறை, எது என்று பாருங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இதுதான். நீங்கள் மூன்று சென்டர் பேக் வைத்து ஆட, அவர் 4-4-2 (நான்கு டிஃபெண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) பிரியராக இருந்தால், அவர் யோசனைகள் உங்கள் அணியை அவர் வழிக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். புது ஆள் எடுக்கும்போது, தந்திர அறிவில் இரண்டு எண் குறைந்தாலும் உங்கள் ஃபார்மேஷனையே விரும்புகிறவரை எடுப்பது மேல்.

அவர் பேச்சு இரண்டு ரகம். ஒன்று கண்ணால் பார்த்ததைச் சொல்வது: இன்னார் களைத்துவிட்டார், ஸ்ட்ரைக்கருக்குப் பந்தே போகவில்லை, எதிரணி வலது பக்கமாகவே வருகிறது. இன்னொன்று அதற்கு மருந்து சொல்வது: அகலமாக ஆடு, பாஸைக் குறை, டிஃபென்ஸ் வரிசை நிற்கும் கோட்டை முன்னே தள்ளு. முதல் ரகத்தை எப்போதும் காதில் வாங்குங்கள். இரண்டாவதைச் சந்தேகப்படுங்கள். தேயிலைக் கொழுந்து பறிப்பது போலத்தான். ஒரு மொட்டு, இரண்டு இலை போதும், முற்றிய இலை செடியிலேயே இருக்கட்டும்.

ஸ்ட்ரைக்கர் தனித்து நிற்கிறார் என்றால் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதற்காக நெடும் பாஸுக்கு மாறச் சொன்னால், அவர் தலையால் முட்டும் திறனும் எம்பும் உயரமும் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் 10-க்குக் கீழே என்றால் பந்து போன வேகத்தில் திரும்பி வரும். நெடும் பாஸை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் அட்டாக்கிங் மிட்ஃபீல்டருக்கு முன்னேறித் தாக்கும் வேலை கொடுங்கள். கோட்டை முன்னே தள்ளச் சொன்னால் சென்டர் பேக் இருவரின் வேகத்தைப் பாருங்கள். இருவருக்கும் 10, எதிரணி ஸ்ட்ரைக்கருக்கு 16 என்றால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். முன்னிலையில் இருக்கும்போது வேகத்தைக் கூட்டச் சொல்வதும் இதே ஜாதிதான். கல்லட்டி மலைப்பாதை இறக்கத்தில் யாரும் டாப் கியர் போடுவதில்லை.

அதிகம் ஏமாற்றுவது எதிரணி ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் உத்தரவுப் பட்டியல். இதை அசிஸ்டென்ட்டிடம் விட்டால் ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் பாட்டுக்கு நிரப்பிவைப்பார். "பலவீனமான காலுக்குத் தள்ளு" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எதிரணியின் இடது விங்கர் வலது கால்காரர் என்றால் அது நல்ல யோசனை. அவர் ஓரக்கோட்டுக்குப் போய் இடது காலால் கிராஸ் போடுவார், உங்கள் சென்டர் பேக் தலையால் தட்டிவிடுவார். அதே விங்கர் இடது கால்காரர் என்றால் கதை வேறு. பலவீனமான காலுக்குத் தள்ளினால் அவர் உள்ளே திரும்புவார். நீங்கள் ஆடுவது 4-2-3-1 என்றால் உங்கள் இரண்டு மிட்ஃபீல்டர்கள் டிஃபென்ஸ் முன்னால் நிற்பதால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார். 4-4-2-இல் நடு மிட்ஃபீல்டர் இருவரும் முன்னே ஏறியிருந்தால், பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் உள்ள காலி மைதானத்தை அவர் கையில் நீங்களே கொடுத்த மாதிரி.

நெருக்கிக் காவல் காப்பதும் அப்படித்தான். வேகமான ஸ்ட்ரைக்கரை மந்தமான சென்டர் பேக் ஒட்டிக்கொண்டே நின்றால், ஒரு திருப்பத்தில் ஸ்ட்ரைக்கர் அவரைத் தாண்டிப் பின்னால் ஓடிவிடுவார். அந்த ஸ்ட்ரைக்கரை நெருக்க வேண்டாம் என்று குறித்து, டிஃபென்ஸ் கோட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். துரத்தி அழுத்தச் சொல்லும் யோசனையில் மட்டும் ஒரு நல்ல சரக்கு உண்டு: முதல் தொடுதலும் பதற்றமின்மையும் 9-க்குக் கீழே உள்ள எதிரணி சென்டர் பேக்கை அழுத்துவது. ஆனால் அங்கே போய் அழுத்த உங்களுக்கு முன்னால் ஒரு ஆள் வேண்டும். இல்லையென்றால் மிட்ஃபீல்டர் கிளம்பிப் போவார், அவர் விட்டுப்போன ஓட்டை வழியாகத்தான் கோல் வரும். எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு அழுத்தத்தைக் கூட்டச் சொன்னால், முதலில் அழுத்தப்போகிறவர்களின் தெம்பைப் பார்த்து மாற்று ஆளை இறக்குங்கள். மஞ்சள் அட்டை வாங்கியவர் களத்தில் இருந்தால் டேக்கிளை உயர்த்தும் முன், அவருக்கு மட்டும் தனியாக நிதானிக்கச் சொல்லிக் குறித்துவிடுங்கள்.

சோதிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். தந்திரம் வைக்க மூன்று இடங்கள் உண்டு. முதலாவதில் உங்கள் வழக்கமான ஆட்டம். இரண்டாவதில் அதையே நகலெடுத்து, அசிஸ்டென்ட் சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றாவது, முன்னிலையைக் காக்கும் ஆட்டத்துக்கு. மாற்றிய பிறகு ஹைலைட்ஸைக் கூட்டி வைத்து 15 நிமிடம் பாருங்கள். கோல் விழுந்ததா என்பதைவிட, ஆட்டக்காரர் சராசரியாக நின்ற இடமும் இரு அணியின் எக்ஸ்ஜி (கிடைத்த வாய்ப்புகளின் தரத்துக்கு எத்தனை கோல் எதிர்பார்க்கலாம் என்ற எண்) கணக்கும் முக்கியம். எக்ஸ்ஜி 2021 பதிப்பில் வந்தது, புள்ளிவிவரங்களைத் தொகுத்துக் காட்டும் டேட்டா ஹப் 2022 பதிப்பில். 2025 பதிப்பு ரத்தாகி, 2026 பதிப்பு திரை அமைப்பே மாறி வந்ததால் பட்டன்களைத் தேட வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் மூன்று யோசனைகளை ஏற்றால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. ஃபார்மேஷனையே மாற்றினாலோ அணி அதற்குப் பழகும்வரை தடுமாறும்.

ஆட்டக்காரரின் திறமைக்கு அசிஸ்டென்ட் போடும் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை உங்கள் அணியோடு ஒப்பிட்டுப் போடப்படுபவை. 'சென்னையின் எஃப்.சி.' என்ற நம்மூர் கிளப்பில் நான்கு நட்சத்திரம் வாங்குகிறவர் இங்கிலாந்தின் பெரிய அணி ஒன்றில் ஒன்றுகூட வாங்கமாட்டார். எடைபோடும் திறன் குறைந்த அசிஸ்டென்ட் என்றால் அதுவும் தவறலாம்.

பயிற்சி அட்டவணை, நட்பு ஆட்டம் எல்லாம் அவரிடமே விடலாம். பத்திரிகையாளர் சந்திப்பை விடுவதென்றால் ஆட்களைக் கையாளும் திறன் 12-க்கு மேல் இருக்கட்டும்.

மலையில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆட்டத்தின் நடுவில் சேவ் செய்ய முடியாது. காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் போகும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் ஆட்டமும் போகும். ஆட்டோசேவை விளையாட்டுக்குள் ஓடும் காலக்கணக்கில் வாரம் ஒருமுறை என்று வைத்து, மாற்றி மாற்றி மூன்று கோப்புகளில் பதியச் சொல்லுங்கள். ஆட்டத்துக்குள் நுழையும் முன் கையால் ஒரு சேவ். கரண்ட் வந்து அதே ஆட்டத்தை அதே பதினொருவரோடு திரும்ப ஆடினால் ஸ்கோர் வேறாக வரும். ஆகவே, அசிஸ்டென்ட் யோசனை பலித்ததா என்று ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாமல், குறைந்தது ஐந்து ஆட்டங்களின் எக்ஸ்ஜியைக் குறித்துவைத்துப் பாருங்கள்.