ஷைனி இன்னும் வரவில்லையா? வறட்சியைக் கணக்கிடுவது இப்படி

போகிமான் வீடியோ கேம்களில் வழக்கமான நிறம் மாறி அபூர்வமாக வரும் போகிமான்தான் ஷைனி. அது வராமலே தேடல் நீள்வதுதான் வறட்சி. போகிமான் எக்ஸ், ஒய் ஆட்டங்கள் (2013) வந்ததிலிருந்து ஷைனி கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 4096-ல் 1. அதற்கு முந்தைய ஆட்டங்களில் 8192-ல் 1. 4096 முறை தேடினால் கட்டாயம் ஒன்று வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அத்தனை முறை தேடியும் வெறுங்கையோடு நிற்பவர்கள் நூற்றுக்கு 37 பேர்!

வாய்ப்பை 1-லிருந்து கழித்து, வந்த விடையை எத்தனை முறை முயன்றீர்களோ அத்தனை அடுக்குக்கு உயர்த்துங்கள். அதுதான் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு. எக்செலில் ஒரு கட்டத்தில் இப்படி அடித்தால் போதும்:

=(1-1/4096)^3000

விடை 0.481. அதாவது 3000 முறை தேடியும் கிடைக்காதவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர். அப்படியொரு வறட்சி மிகச் சாதாரணம்.

1/4096-ஐ அப்படியே பின்னமாகப் போடுங்கள். போன் கால்குலேட்டரில் அதை 0.0002 என்று சுருக்கிவிட்டால் 10,000 முயற்சிக்கு 13.5% என்று வரும். சரியான விடை 8.7%. அடுக்கு பெரிதாக இருப்பதால் சின்னப் பிழையும் ஊதிப்போகும்.

அடுத்து, முயற்சியை எண்ணுவதில் கவனம் வேண்டும். எக்ஸ், ஒய்யில் கூட்டமாக ஐந்து போகிமான் வந்தால் ஐந்துக்கும் தனித்தனியே குலுக்கல் நடக்கும். ஆக 600 கூட்டம் பார்த்தால் 3000 முயற்சி. ஷைனி வாய்ப்பைக் கூட்டும் ஷைனி சார்ம் என்ற பொருள் கையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று குலுக்கல். அடுக்கில் 3000-க்குப் பதில் 9000 போடுங்கள். வெறுங்கை வாய்ப்பு 48%-லிருந்து 11%-க்கு இறங்கிவிடும். சார்ம் வாங்கிய பிறகு தேடுங்கள் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மனக்கணக்குக்கு: 4096-ஐ 0.69-ஆல் பெருக்கினால் பாதிப்பேருக்குக் கிடைத்திருக்கும் எண்ணிக்கை (சுமார் 2830). 2.3-ஆல் பெருக்கினால் 90% பேருக்கு, 4.6-ஆல் பெருக்கினால் 99% பேருக்கு. கடைசி எண் ஏறத்தாழ 18,840. பத்தாயிரம் பேர் தேடினால் அந்த எல்லையையும் தாண்டி நிற்பவர்கள் சுமார் நூறு பேர் இருப்பார்கள். நூற்றில் 1 என்று விழும் எந்தப் பொருளுக்கும் இதே பெருக்கல்தான்: 69, 230, 460.

ஏற்கெனவே வீணான 3000 முறையை அடுத்த கணக்கில் சேர்க்காதீர்கள். இனி 1000 முறை தேடினால் கிடைக்கும் வாய்ப்பு 21.7%, இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவருக்கும் அதே 21.7%தான்.

கென்ஷின் இம்பாக்ட் போன்ற ஆட்டங்களில் இந்தச் சூத்திரம் செல்லாது. அங்கே 90-வது இழுப்புக்குள் (இழுப்பு என்பது பரிசுக் குலுக்கலில் ஒரு முயற்சி) ஐந்து நட்சத்திரப் பரிசு உறுதி. வாய்ப்பும் போகப்போக ஏறும்.

விடை 1%-க்குக் கீழே வந்தால், நீங்கள் தேடும் அந்தக் குறிப்பிட்ட போகிமானுக்கு ஷைனியே வராதபடி ஆட்டத்தில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்ஸ், ஒய்யின் ஷெர்னியஸும் இவெல்டலும் அப்படிப் பூட்டப்பட்டவை. அவற்றுக்கு எத்தனை ஆயிரம் முறை ஆட்டத்தை ரீசெட் செய்து மீண்டும் தொடங்கினாலும் ஷைனி வராது.