வென்றவர் எழுதிவைத்த ஆவணத்தை வாசிக்கும் முறை

மதமும் பேரரசும் கைகோத்து நடந்த காலத்து ஆவணம் ஒன்றைக் கையில் எடுக்கிறவர், அதை எழுதியவர் பக்தி வேடமிட்ட கொள்ளைக்காரர் என்ற முடிவை முதலில் தள்ளிவைக்க வேண்டும். பெரும்பாலும் அவருடைய இறைநம்பிக்கை உண்மையானதே. உண்மையான நம்பிக்கையின் கையில் சாட்டை எப்படி வந்தது என்பதைத்தான் நாம் வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பழகுவதற்கு, 1513-இல் ஸ்பானிய அரசவைச் சட்ட அறிஞர் பலாசியோஸ் ரூபியோஸ் எழுதிய அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இறைவன் உலகைப் படைத்தான், புனித பேதுருவைத் தலைவராக நியமித்தான், அவர் வழிவந்த போப்பாண்டவர் இந்நிலங்களை ஸ்பெயினின் காஸ்தீல் அரசர்களுக்கு அளித்தார், ஆகவே பணியுங்கள் என்று அமெரிக்க மண்ணின் மக்களுக்கு அது அறிவிக்கிறது. கேட்டவர் யார், எந்த மொழியில் கேட்டார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலும், ஆட்கள் ஓடிப்போன வெற்று ஊர்களிலும்கூட அது வாசிக்கப்பட்டது.

அடுத்து, ஒவ்வொரு வினைக்கும் எழுவாயைத் தேடுங்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது. என் அனுபவத்தில் இதைவிடக் கூர்மையான கருவி வேறில்லை. பணியாவிட்டால் "போர் தொடுப்போம்", மனைவி மக்களை "அடிமைகளாக்குவோம்" என்னும் இடங்களில் "நாங்கள்" தெளிவாக நிற்கிறது. சாவு என்று வந்ததும் அந்த "நாங்கள்" மறைந்துவிடுகிறது: அதனால் நேரும் சாவுகளும் சேதங்களும் உங்கள் குற்றமே, அரசருடையதோ எங்களுடையதோ அல்ல. கொல்பவர் இல்லாமலே சாவு "நேர்கிறது". கடைசி வரியில், இவையெல்லாம் முறைப்படி சொல்லப்பட்டதற்கு அங்கிருக்கும் நோட்டரி கையொப்பமிட்டுச் சான்று தர வேண்டும் என்று கேட்கிறார்கள். தவறு என்றே தோன்றாத ஒருவருக்கு இத்தனை சான்று எதற்கு என்று அந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள்.

ஒப்புதல் வாக்குமூலங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1562-இல் இன்றைய மெக்சிகோவிலுள்ள யுகத்தானின் மானி என்ற ஊரில், பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தெ லாந்தா, திருமுழுக்குப் பெற்ற பின்னும் பழைய தெய்வங்களை வணங்கியதாக அம்மண்ணின் பூர்வகுடிகளான மாயா மக்களை விசாரித்தார். மணிக்கட்டில் கயிறு கட்டித் தூக்கி, காலில் கல்லைத் தொங்கவிட்டுப் பெற்ற சொற்கள் அவை. அவற்றிலிருந்து மாயா வழிபாட்டை அறியலாம் என்று எண்ணாதீர்கள். விசாரித்தவர் எதைக் கேட்க விரும்பினார் என்பதையே அவை உறுதியாகக் காட்டுகின்றன.

அதே லாந்தா, தாம் எரித்த மாயா நூல்களைப் பற்றி எழுதும்போது, அவற்றில் மூடநம்பிக்கையும் சாத்தானின் பொய்களும் தவிர வேறில்லாததால் எல்லாவற்றையும் எரித்தோம், அதற்காக அவர்கள் மிகவும் வருந்தினார்கள் என்கிறார். எதிரே நின்றவர்களின் துயரத்தை அவர் பார்த்திருக்கிறார்; எழுதியும் வைத்திருக்கிறார்; ஆனால் அது அவர் கையைத் தடுக்கவில்லை. இத்தகைய வரியைத் தனியே படியெடுத்து வையுங்கள். இன்று எஞ்சியுள்ள மாயா மடிப்பு நூல்கள் நான்கே. அவற்றின் எழுத்தை வாசிக்க 1952-இல் சோவியத் அறிஞர் யூரி க்னோரோசோவுக்கு வழிகாட்டியதும் லாந்தாவே குறித்துவைத்த எழுத்துப் பட்டியல்தான். ஆவணத்தின் பயனைக் காட்டி அதை எழுதியவரின் கொடுமையைக் கழித்துவிடாதீர்கள். கொடுமைக்காக ஆவணத்தை ஒதுக்கவும் செய்யாதீர்கள்.

எதிர்க்குரல்களையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். 1511-இல் கரீபியக் கடலின் எஸ்பஞோலா தீவில் ஸ்பானியக் குடியேறிகளின் முகத்துக்கு நேரே டொமினிக்கன் துறவி மோன்தேசினோஸ் கண்டித்துப் பேசிய மறையுரை, ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ் எழுதிவைத்ததால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. பூர்வகுடிகளுக்காகப் பல்லாண்டுகள் வாதாடிய அந்த லாஸ் காசாஸே, அவர்களின் சுமையைக் குறைக்கவென்று ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என ஒரு காலத்தில் யோசனை சொன்னவர். பின்னாளில் அவர் எழுதிய வரலாற்று நூலில் அந்தப் பகுதியைத் தேடி, அதிலும் எழுவாயைப் பாருங்கள். தம்மைப் படர்க்கையில் வைத்தே எழுதுகிறார். ஆனாலும் அந்த யோசனையைச் சொன்னவர் அவரே என்பது அங்கே மறையவில்லை. தம் அறியாமையும் நல்லெண்ணமும் இறைவனின் தீர்ப்பின் முன் தம்மைக் காக்குமா என்பதில் தமக்கு உறுதியில்லை என்று அவர் எழுதியிருக்கிறார்.