தொலைவிலிருந்து நுண்ணோக்கியை இயக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் இருந்தபடி இணையம் வழியாகப் பெங்களூரு ஆய்வகத்து நுண்ணோக்கியை இயக்கப் பழகும் மாணவர்கள், ஆண்டுதோறும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். கடவுச்சொல்லை மறப்பது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

ஒளியை அணைக்காமல் விடுவது

நேரடிக் காட்சி ஓடும்வரை, விளக்கின் ஒளியை மறைக்கும் மூடியான ஷட்டர் திறந்தே இருக்கும். கருவியின் பக்கத்தில் இருப்பவருக்கு, இருட்டறையில், செல் தட்டை வைக்கும் மேடையான ஸ்டேஜின் மேல் தெரியும் நீலப் புள்ளியே எச்சரிக்கை. தொலைவில் இருப்பவருக்கு அது தெரியாது. செல்லை ஒளிரவைத்துக் காட்டும் பச்சை ஒளிர்வுப் புரதத்தைத் தூண்டும் சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளி அதிகமாகப் பட்டால், செல்லுக்குள் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிப் புரதங்களையும் சவ்வுகளையும் சிதைத்துவிடும்.

கார்த்திகை மழையில் ஒரு மாலை, காலாப்பட்டிலிருந்து வேலை செய்த மாணவி ஒருவருக்கு இணைப்பு அறுந்தது. திரை உறைந்ததும் கருவியும் நின்றுவிட்டதாக எண்ணி அவர் சாப்பிடப் போய்விட்டார். பெங்களூருவில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் செல்கள் உருண்டு திரண்டு, சவ்வெங்கும் கொப்புளம் கிளம்பியிருந்தன. அன்று புதிய மருந்தைச் சேர்த்திருந்ததால், மருந்து வேலை செய்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். ஸ்டேஜை நகர்த்தி, ஒளி படாத ஓர் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். அதே மருந்தில் கிடந்த அந்தச் செல்கள் தட்டில் பரந்து ஒட்டி நன்றாகவே இருந்தன. செல்களை மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். பதிவேட்டில் ஏறிய பொய் முடிவை நம்பி அடுத்தடுத்த சோதனைகள் திட்டமிடப்படுமே என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ஆகவே இடத்தையும் குவியத்தையும் மங்கிய சாதாரண ஒளியிலேயே தேடுங்கள். ஒளிர்வுப் படத்துக்கு மட்டும் கணநேரம் ஷட்டரைத் திறங்கள். இணைப்பு அறுந்தால் தானே மூடிக்கொள்ளும்படி ஷட்டரைக் கருவிக்கு அருகிலுள்ள கணினியிலேயே அமைத்துவிடுங்கள். மருந்து மட்டும் பெற்ற செல்கள், ஒளி மட்டும் பெற்ற செல்கள் ஆகிய இரண்டும் ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு சோதனையிலும் இருக்க வேண்டும்.

படம் வருமுன் மீண்டும் சொடுக்குவது

வில்லையை நகர்த்தத் தரும் கட்டளைகள் தாமதமானால் வரிசையில் சேர்ந்து ஒன்றாகப் போய்ச் சேரும். எண்ணெய்த் துளி இட்டுப் பார்க்கும் அதிக உருப்பெருக்கமுள்ள வில்லைக்கும் செல்கள் உள்ள கண்ணாடிக்கும் இடையே பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளிகூட இராது என்பதால், வில்லை கண்ணாடியில் மோதிவிடும்.

சூடு நிலைபெறுமுன் தொடங்குவது

செல்களை வெதுவெதுப்பாக வைக்க நுண்ணோக்கியைச் சூழ்ந்திருக்கும் பெட்டி 37 டிகிரிக்குச் சூடேறும்போது உலோகம் விரிந்து குவியம் நழுவிக்கொண்டே இருக்கும். முந்தைய இரவே சூடேற்றச் சொல்லிவிடுங்கள்.

திரையில் தெரியும் படத்தை அளப்பது

கூடாது. இணையத்தில் வருவது சுருக்கப்பட்ட படம். ஒளிர்வை மூலக் கோப்பில் மட்டுமே அளக்க வேண்டும்.